ஏகாம்பரம் சொல்லவிருந்த பொய்

உன் சளியில் இந்த முறை காசநோய்க் கிருமி தென்படவில்லை. திங்கட்கிழமை காலை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் மைக்ரோஸ்கோப் பார்ப்பவர் இதைச் சொன்னார். நீ கொடுத்த எல்லாச் சாம்பிளிலும் தென்படவில்லை. இது உறுதியான செய்தி. ஆனால் அவர் முதலில் சொன்னது என்னிடம் இல்லை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்த ஏகாம்பரத்திடம் சொல்லியிருக்கிறார். அவன் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்து, டீக்கடையில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னான். இந்த வட்டாரத்துச் செய்திகளை முப்பது வருஷமாகப் பட்டணத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவருகிற எனக்கு, என் சொந்த மகனின் உடம்பைப் பற்றிய செய்தி இன்னொருவன் வாய் வழியாக வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், ஆய்வுக்கூடத்தில் நேரில் கேட்டேன். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததும்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூருக்குப் போகிறாய். புதுக் கம்பெனி, புது லைன், மணல் தூசு இல்லாத வேலை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நல்லது. அதற்கு முன் சனிக்கிழமை நீ சுகாதார நிலையத்துக்கு வந்து, அடுத்த மாதத்துக்கான மாத்திரையை வாங்கிக்கொண்டு, ஓசூரில் மருந்து தொடர்வதற்கு டாக்டர் எழுதித்தரும் சீட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் போனால் உன் மருந்து இங்கேயே நின்றுவிடும். டாக்டர் சொன்ன காலத்தில் பாதிகூட இன்னும் ஆகவில்லை. போன வாரம் அம்மா தண்டலத்தில் நீ தங்கியிருக்கும் அறைக்கு வந்தபோது, "உடம்பு நல்லா கீதும்மா, இன்னும் எதுக்கு அந்த மாத்திர, வாயெல்லாம் கசக்குது" என்று சொன்னாயாம். அவள் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தபடிதான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அறிவுரை என்று நினைத்துப் படி. பொறாமை என்று தோன்றினால் அப்படியும் படி. அதுவும் இதில் நிறைய இருக்கிறது.

ஏகாம்பரத்தை நீ மாமா என்று கூப்பிட ஆரம்பித்தது உனக்குப் பேச்சு திருந்துவதற்கு முன்பே. அவன் நமக்குச் சொந்தம் இல்லை. வடக்குப்பட்டுக்காரன். சுகாதாரத் துறையின் பிரசார வண்டியில் படம் காட்டுகிற வேலை அவனுக்கு. சாம்பல் நிற வேன், உள்ளே புரொஜெக்டர், ஜெனரேட்டர், சுருட்டிய வெள்ளைத் துணி, ஒரு மைக். நானும் அவனும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்த ஊர்களைச் சுற்ற ஆரம்பித்தோம். நான் சைக்கிளில் போவேன், அவன் வேனில் வருவான். மலேரியாவுக்குப் பூச்சிமருந்து அடித்த நாளிலிருந்து, அம்மைக்குக் குத்திய நாள், குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சிவப்பு முக்கோணத்தைச் சுவர்தோறும் வரைந்த நாள், இப்போது குழந்தைகளுக்கு வரிசையாக ஊசி போடப்போவதாகச் சொல்கிற இந்த நாள்வரை, அரசாங்கம் எந்த நோயோடு சண்டைக்குப் போனாலும் இந்தத் தாலுகாவில் அதைப் பற்றி எழுதியவன் நான், பேசியவன் அவன். நான் எழுதியதில் ஒரு வரி பொய் இருந்ததாக யாரும் காட்டியதில்லை. அவன் பேசியதில் ஒரு வரி உண்மை இருந்ததா என்று நான் பல தடவை தேடியிருக்கிறேன்.

உனக்கு ஏழு வயதிருக்கும். ஒரகடத்துக்கு வடக்கே ஒரு ஊரில் அம்மை வந்தது. அந்த ஊரின் பேரை ஒருமுறை எழுதியது போதும், இங்கே எழுதவில்லை. அம்மை என்றால் அப்போது நோய் இல்லை. "அம்மா வந்திருக்கா" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அடுப்பில் தாளிக்க மாட்டார்கள், வீட்டுக்குள் வெளியாளை விட மாட்டார்கள். வெளியே சொல்லவும் மாட்டார்கள். வந்தவளைப் பற்றி ஊர் பேசினால் அவளுக்குக் கோபம் வரும். ஊசியால் குத்தினால் இன்னும் கோபம் வரும். நான் இரண்டு இடங்களில் விசாரித்து, உறுதிப்படுத்திக்கொண்டு, ஊர்ப் பேரோடு செய்தி அனுப்பினேன். அச்சில் வந்தது. மறுநாளே அம்மை குத்துகிறவர்கள் ஜீப்பில் வந்தார்கள். ஊரே வற்றிக் கிடந்த ஏரிக்குள் இறங்கிப் போய் ஒளிந்துகொண்டது. அந்த ஊர்ப் பாலைச் சந்தையில் யாரும் வாங்கவில்லை. பேசி முடித்திருந்த ஒரு கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் ஆள் அனுப்பி, வேண்டாம் என்றார்கள். நான் எழுதியது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. நோய் இருந்தது, இருந்ததை எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் ஜீப்பே வந்திருக்காது.

ஆனால் ஜீப் வந்தும் ஒரு கைகூட நீளவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஏகாம்பரத்தின் வேன் வந்தது. நீ அடம்பிடித்ததால் உன்னையும் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அவன் அம்மையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துணியைக் கட்டினான், ஒரு சினிமாப் படத்தைப் போட்டான். ஏரிக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறி வந்தார்கள். கதாநாயகன் கம்பைச் சுழற்றிச் சண்டைக்கு இறங்கின இடத்தில் படம் நின்றது. அவன் மைக்கை எடுத்தான்.

"மெஷினு சூடாயிடுச்சி. கொஞ்சம் ஆறட்டும். சும்மா நிக்கிற நேரத்துல அந்தாண்ட போயி ஆளுக்கு ஒரு குத்து குத்திக்கினு வாங்க. ஒண்ணு சொல்லிடறேன், குத்திக்காதவன் கண்ணுக்கு இனிமே படம் தெரியாது. வெள்ளத் துணிதான் தெரியும்."

கூட்டத்தில் ஒரு பெரியவர், "அப்ப எம்மாடு பாத்தா தெரியுமாடா?" என்றார்.

"அதுக்கு அம்ம வந்துட்டுப் போயிடுச்சி பெரியவரே. உன்னவிட அதுக்கு நல்லாத் தெரியும்."

சிரித்துக்கொண்டே போய் வரிசையில் நின்றார்கள். சண்டை பாதியில் நின்றதைத் தாங்க முடியாமல் கோயில் பூசாரிதான் முதலில் கையை நீட்டினார். நீயும் போய் நின்றாய். உனக்கு அதற்கு முன்பே வீட்டில் குத்தியாகிவிட்டது, தழும்பைக் காட்டி நான் சொன்னேன். நீ கேட்கவில்லை. மாமா சொன்னார் என்றாய். அந்த வார்த்தையை நான் முதன்முதலில் கவனித்தது அன்றைக்குத்தான். அடுத்த நாள் எத்தனை பேருக்குக் குத்தினார்கள் என்று கணக்குக் கேட்டு, சரிபார்த்து, செய்தி எழுதினேன். சுகாதாரத் துறை ஊழியர்களின் முயற்சியால் என்று எழுதினேன். ஏகாம்பரம் என்ற பேர் அதில் இல்லை. செய்தியில் ஊழியர் பேரைப் போடுகிற வழக்கம் எங்கள் பத்திரிகையில் இல்லை. வழக்கம் இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

குடும்பக் கட்டுப்பாடு வந்தபோதும் இதே கதைதான். நானும் உன் அம்மாவும் உன்னோடு நிறுத்திக்கொண்டோம். நாடு முழுவதும் அரசாங்கம் எதைச் சொல்லிக்கொண்டிருந்ததோ அதை இந்தத் தாலுகாவில் சொன்னபடி செய்தவன் நான். ஒருத்தர்கூட என்னிடம் வந்து அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஏகாம்பரம் மைக்கில் "ரெண்டு போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து, "உனக்கு எத்தினி கீது?" என்று ஒரு குரல் வந்தது. "அஞ்சு. அதான் தாயி சொல்றேன், ரெண்டோட நிறுத்து" என்றான். அந்த மாதம் முகாமுக்கு வந்த பெண்களில் பலர் அவன் சொன்ன அந்த ஒரு வரியைச் சொல்லித்தான் வந்ததாக நர்ஸ் என்னிடம் சொன்னார். ஐந்து பெற்றவனை நம்புகிறார்கள். ஒன்றோடு நிறுத்தியவனைப் பார்த்து, கொடுத்துவைக்காதவன் என்று பரிதாபப்படுகிறார்கள்.

இந்த முப்பது வருஷத்தில் நான் பார்த்தது இதுதான். மலேரியா ஏறக்குறைய ஒழிந்தே போனது. வீட்டுக்கு வீடு வந்து காய்ச்சல் விசாரித்துச் சுவரில் தேதி எழுதிப்போனவர்கள் வருவது குறைந்தது, அது திரும்பி வந்தது. அம்மை போயே போய்விட்டது. காசநோய் மட்டும் அப்படியே இருக்கிறது. மருந்து இல்லாததால் இல்லை. நல்ல மருந்து, இலவசமாக, நம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அம்மைக்கு ஒரு தடவை கையை நீட்டினால் போதும். அதற்கு ஒரு சினிமா போதுமானதாக இருந்தது. இதற்குத் தினமும் காலையில், உடம்பு சரியாகிவிட்ட பிறகும், பல மாதம் கையை நீட்ட வேண்டும். அவ்வளவு நீளமான படம் ஏகாம்பரத்திடமும் கிடையாது. இதை நான் கொஞ்சம் சந்தோஷத்தோடுதான் நினைத்திருந்தேன், நோய் உனக்கு வரும்வரை.

பொங்கலுக்கு நீ வீட்டுக்கு வந்திருந்தபோது இருமிக்கொண்டே இருந்தாய். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். சாப்பிட்டு முடித்ததும் உன்னை உட்காரவைத்துக் கேட்டேன். எத்தனை நாளாக இருமல், சளி என்ன நிறம், சாயங்காலத்தில் உடம்பு காய்கிறதா, உன் லைனில் வேறு யார் இருமுகிறார்கள், சூப்பர்வைசருக்குத் தெரியுமா. நான் கேட்கத் தெரிந்த விதத்தில் கேட்டேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "பேப்பர்ல போடப் போறியா நைனா?" என்றாய். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு மேலே பேசினேன். இது காசநோயாக இருக்கலாம், இருந்தால் குணமாகும், சளிப் பரிசோதனை இலவசம், தள்ளிப்போட்டால் இன்னாருக்கு இன்னது நேர்ந்தது என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் உண்மை. நீ, ஓவர்டைம் வேலை இருக்கிறது என்று எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

நீ வேலை பார்க்கும் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் உன் லைனில் இன்னும் இரண்டு பையன்கள் இருமிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் எழுதினால் அவர்கள் வேலை போகும், உன் வேலையும் போகும், பார்த்திருக்கும் பெண்வீட்டாருக்கும் தெரிந்துவிடும் என்று நீ பயந்திருக்கிறாய். பேர் அச்சில் ஏறிய அந்த ஊரின் கதை உனக்கும் தெரியும். பால் விற்காமல் திரும்பியவர்களை அன்றைக்கு நீயும் பார்த்தாய். உன் பயம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தில் உன் பேரை எங்கும் எழுதவில்லை, பார். ஞாயிறு இதழின் ஆசிரியர் இப்படி ஒரு கடிதத்தைப் போடலாம் என்கிறார், உன்னைப் போல நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறார். நீ சரி என்று சொன்னால் மட்டும் கொடுப்பேன். வேண்டாம் என்றால் இது உனக்கும் எனக்கும் மட்டும்.

மாசி முடிவில் நீ சளி கொடுத்தாய். கூட்டிப்போனவன் ஏகாம்பரம். தண்டலத்தில் உன் அறைக்கு வந்து அவன் சொன்ன பொய் இது. "கவர்மெண்டு ஆர்டர் போட்டுட்டாங்கடா. இனிமே ஃபேக்டரி ஆளுங்க கல்யாணம் கட்றதுக்கு முந்தி சளி குடுத்து சீட்டு வாங்கணுமாம். சீட்டு இல்லாட்டி மேளக்காரனே வர மாட்டானாம்." அப்படி ஓர் உத்தரவு எந்தக் காலத்திலும் போடப்படவில்லை. நான் தாலுகா ஆபீசில் போய்க் கேட்டேன், சுகாதார அலுவலகத்திலும் கேட்டேன். கேட்டுவிட்டு உன் அறைக்கு வந்து, அவன் உன்னை ஏமாற்றியிருக்கிறான் என்று சொன்னேன். உனக்கு அப்போது ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். படுத்திருந்தாய்.

"பொய்னு தெரியும் நைனா" என்றாய்.

"பின்ன எதுக்குடா போன?"

"நீ சொன்னது நெசம்னு தெரியும். அதான் பயமா இருந்துச்சி. மாமா சொன்னது பொய்னு தெரியும். பயம் இல்லாம போயிக்கினே இருந்தேன்."

நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "இதுக்கு ஏன்யா மூஞ்சத் தூக்கிக்கினு கீற? புள்ள போனானா, அத்தப் பாரு" என்றாள். பிறகு, "நீ பேசனா எழுதி வச்சிக்கணும் போல கீது. அவரு பேசனா போலாம்னு தோணுது" என்றாள். அவளும் அவரு என்கிறாள். என்னை நீ என்கிறவள் அவனை அவரு என்கிறாள்.

ஊசி போடும் நாட்களில் அவன் உன்னோடு வந்து உட்கார்ந்தான். நானும் வந்தேன், பெஞ்சின் மறுகோடியில். இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், நான் வந்ததும் பேச்சு நிற்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சளியில் ரத்தம் வந்ததை நீ அவனிடம் சொன்னாய். பொங்கலுக்கு முன்பே ஒருதடவை வந்திருக்கிறது, நீ துண்டில் துடைத்து மறைத்திருக்கிறாய். மாசியில் மறுபடி வந்தபோது அவனிடம் சொன்னாய். அதனால்தான் அவன் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு அறைக்கு ஓடிவந்தான். இதை நான் தெரிந்துகொண்டது சித்திரையில், டாக்டர் தற்செயலாகச் சொன்னபோது. என் வாழ்க்கையில் எத்தனையோ செய்திகள் எனக்கு முன்னால் வேறு பத்திரிகைக்காரர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்றுக்கும் நான் இப்படி எரிந்ததில்லை. அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஏகாம்பரம், "இன்னா ரிப்போட்டரே, டீ சாப்புடலாமா?" என்று கூப்பிட்டான். காது கேட்காதவன் போல நடந்தேன். பிறகு பல நாள் அப்படித்தான் நடந்தேன். அவன் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டான்.

இந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஆய்வுக்கூடத்தில் கேட்டுவிட்டு டீக்கடைக்குத் திரும்பி வந்தபோது அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். எனக்கும் சேர்த்து இன்னொரு டீ சொன்னான். அவன் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. இந்தச் செய்தியை உன்னிடம் சொல்லக்கூடாது என்றான். சொன்னால் நீ சனிக்கிழமை வர மாட்டாய், நேராக ஓசூர் பஸ் ஏறிவிடுவாய் என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

"பூச்சி இன்னும் கீதுன்னு சொல்லிடு ரிப்போட்டரே."

"நீயே சொல்லேன். உனக்குப் புதுசா இது?"

"எம்பொய்யெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சிரிச்சிட்டுப் போயிடுவான். ஆரம்பிச்சி வைக்கத்தான் நம்மளால ஆகும், முடிச்சி வைக்க ஆகாது. நீ ஜென்மத்துல பொய் சொன்னதில்ல. உன் வாயில வந்தா அப்படியே நம்புவான். ஒரே ஒரு தபா சொல்லு."

மகனே, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். சந்தோஷமாக இருந்தது. அவனால் முடியாத ஒன்று, என்னால் மட்டும் முடிகிற ஒன்று, உன் விஷயத்தில் முதல்முதலாக வந்திருக்கிறது. அதை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். இந்த மாதமும் கிருமி இருக்கிறது, டாக்டர் கவலைப்படுகிறார். எப்படிச் சொன்னால் நீ நம்புவாய், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றுகூட யோசித்தேன். நன்றாகவே வந்தது. இவ்வளவு நாளாக நான் பொய் சொல்லாமல் இருந்தது தெரியாததால் இல்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தப் பொய்யை நான் சொல்லி, அதனால் நீ முழுக் குணமானால், உன்னைப் பிழைக்கவைத்தது யார்? பொய் அவனுடையது. வாய்தான் என்னுடையது. அப்போதும் அவன்தான். இது அற்பமான காரணம் என்று எனக்கே தெரிகிறது, ஆனால் முதலில் தோன்றிய காரணம் இதுதான். இரண்டாவதாகத் தோன்றியதை உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் தலையாட்டினாள். ஓசூரில் தினமும் காலையில் உன் பக்கத்தில் நின்று பொய் சொல்ல அவனும் இருக்கமாட்டான், நானும் இருக்கமாட்டேன். அங்கே உனக்கு மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போவது உன் கைதான். அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியது உண்மை நிலவரம்.

அதனால் உண்மை நிலவரத்தை முழுவதுமாகச் சொல்கிறேன். முதல் வரியில் நான் கிருமி தென்படவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், கிருமி போய்விட்டது என்று எழுதவில்லை. ஆய்வுக்கூடத்தில் இருப்பவரிடம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கண்ணாடித் தகட்டில் தடவிய சளியில், அவர் பார்த்த இடங்களில், சாயம் ஏறிய கிருமி அவர் கண்ணுக்குப் படவில்லை. நிறைய இருந்தால்தான் அந்தப் பரிசோதனையில் படும். கொஞ்சமாக இருந்தால் படாது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம் என்றார். முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமா என்றேன். இல்லை என்றார். டாக்டரும் அதையே சொன்னார். முதலில் இருமல் நிற்கும், பிறகு பசி எடுக்கும், முகத்தில் சதை வைக்கும். அப்போதுதான் ஆட்கள் வருவதை நிறுத்துகிறார்கள். நம் தாலுகாவில் மட்டும் இல்லை, நாட்டில் எங்கே போய்க் கேட்டாலும் காசநோய் டாக்டர்கள் இதே வருத்தத்தைத்தான் சொல்கிறார்கள் என்றார். நோயாளி குணமானதைப் பார்த்துப் பயப்படுகிற வைத்தியம் இது ஒன்றுதான் என்றார்.

அப்படி நிறுத்திய ஒருவரை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். லாரி ஓட்டியவர். நான்காம் மாதத்தில் நிறுத்தினார், மறு வருஷம் வேலையில் இருக்கும்போது நோய் திரும்பியது. திரும்பிய நோய்க்குப் பழைய மருந்து கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து அவர் என்னிடம் சொன்னது, "நல்லாத்தான் சார் இருந்தேன்" என்பது மட்டும்தான். அதைத் தவிர வேறு எதுவும் சொல்ல அவரிடம் இல்லை. பொங்கலன்று உன்னிடம் அடுக்கிய கதைகளில் இதுவும் ஒன்று. அன்று உன்னைப் பயமுறுத்தச் சொன்னேன். இன்று வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். அவரிடம் யாரும் பொய் சொல்லவில்லை. உண்மையையும் யாரும் உட்கார்ந்து கடைசிவரை சொல்லவில்லை.

ஓசூரில் போய் இறங்கியதும் முதல் வேலையாகச் சுகாதார நிலையத்தைத் தேடிப் போ. அறை பார்ப்பது, மெஸ் பார்ப்பது எல்லாம் பிறகு. மாத்திரையைக் காலையில், வெறும் வயிற்றில். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் தூங்குவதற்கு முன். பீடியை நீ விட்டுவிட்டாய் என்று ஏகாம்பரம் சொல்கிறான், என்னிடம் நீ சொல்லவில்லை. விட்டிருந்தால் மறுபடி தொடாதே. கூட இருக்கும் பையன்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். இருமல் திரும்பினாலோ, சளியில் எதையாவது பார்த்தாலோ எனக்கு எழுது. எனக்கு. நான் கேள்வி கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது, முப்பது வருஷப் பழக்கம். ஆனால் பதிலை யாருக்கும் அனுப்பமாட்டேன். மாமாவுக்கும் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்கு ஒரு வாரம் கழித்து எழுதினால் போதும்.

உன் சளியில் ஒரு பங்கைப் பட்டணத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குப் படாதது மிச்சம் இருந்தால் அதில் தெரியும். முடிவு வர இரண்டு மாதம் ஆகும், தீபாவளிக்கு முன் வரலாம் என்கிறார்கள். அது நல்லபடியாக வந்தாலும் மருந்து நிற்காது, டாக்டர் சொன்ன கடைசி நாள்வரை போகும். சனிக்கிழமை டாக்டர் காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டுவரை இருப்பார். அதற்குள் நீ வந்தால் ஓசூருக்குச் சீட்டு எழுதித் தருவார்.

ஏகாம்பரம் வெள்ளிக்கிழமை உன் அறைக்கு வரப்போகிறான். நான் சொல்லமாட்டேன் என்று நேற்று அவனிடம் சொன்னதும், கிருமி இன்னும் இருக்கிறது என்பதை டாக்டர் சொன்னதாக அவனே சொல்லப்போகிறானாம். இந்தக் கடிதத்தை அம்மா சாப்பாட்டோடு வியாழக்கிழமையே உன்னிடம் கொடுத்துவிடுவாள். அவன் வந்து சொல்லும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவனுடைய பொய்யை நான் கெடுத்துவிட்டேன், தெரிந்தேதான் கெடுத்தேன். ஒருவேளை அது பலித்திருக்கும். இனி பலிக்காது. உன்னைச் சனிக்கிழமை அங்கே கொண்டுவருவதற்கு இப்போது அவன் கையில் ஒன்றும் இல்லை, என் கையில் இந்தச் செய்தியைத் தவிர ஒன்றும் இல்லை. நீ வருவாயா என்பது, இதை எழுதி முடிக்கும் புதன்கிழமை மாலைவரை உறுதியாகவில்லை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தெரியும்.